என்.ஐ.சி.யூ. வாசலில் காத்திருப்பவர்களுக்கு: கேள்வி பதில்

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக நீண்ட காலம் வேலை பார்த்தவள் நான். மருந்து, மாத்திரை பற்றி உங்கள் டாக்டரையே கேளுங்கள். வாசலில் உட்கார்ந்து தவிக்கிற மனசைப் பற்றி இங்கே பேசுவோம்.

கேள்வி (ஒரு தாய், சேலம்): மகள் 29 வாரத்தில் பிறந்தாள், 1,100 கிராம். “உயிரோட இருக்காளே, சாமிக்கு நன்றி சொல்லு” என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது, சிஸ்டர்.

நன்றி சொல்ல மனசு வரவில்லை என்றால் சொல்லாதீர்கள், அம்மா. பக்கத்துக் கட்டிலில் குழந்தை அழுகிற சத்தத்தைக் கேட்டபடி வெறும் மடியோடு படுத்திருக்கிறீர்கள். உங்களிடம் நன்றியைக் கேட்டு வாங்க யாருக்கும் உரிமை இல்லை. சாமியோடு சண்டை போடுங்கள், அதுவும் சாமியிடம் பேசுவதுதான்.

இப்படி நடந்ததற்காக நன்றி சொல்ல வேண்டியதில்லை. இதற்கு நடுவே நடக்கிற நல்லதைக் கண்ணில் படவிடுங்கள், அது போதும். நேற்று டியூபில் போன 2 மில்லி பால் செரித்தது, இன்று 3 மில்லி கொடுத்தார்கள் என்றால் அதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். எடையை மட்டுமே எழுதிக்கொண்டிருக்காதீர்கள். முதல் நாட்களில் எடை குறையத்தான் செய்யும், பிறந்த எடைக்குத் திரும்பவே இரண்டு வாரம் போல ஆகும். விரலைப் பிடித்தாளா, கண்ணைத் திறந்தாளா, அதையும் எழுதுங்கள்.

கேள்வி (ஒரு பாட்டி, விருதுநகர்): தீட்டு கழியாமல் மருமகள் சாமி கும்பிடலாமா? பேரனுக்கு விபூதி பூசி, கயிறு கட்ட விடுவார்களா?

விளக்கை வீட்டில் வேறு யாராவது ஏற்றட்டும், பாட்டி. உங்கள் மருமகள் மனசுக்குள் சாமி பேரைச் சொல்ல எந்தத் தீட்டும் குறுக்கே வராது. அவளைத் தடுக்காதீர்கள், இப்போது அவளுக்கு அது தேவை.

விபூதி, கயிறு, வசம்பு எதுவும் உள்ளே வேண்டாம். குறைமாதக் குழந்தையின் தோல் மிக மெல்லியது, சின்னத் தொற்றே உயிருக்கு ஆபத்தாகிவிடும். விபூதிப் பொட்டலத்தை மருமகள் தலையணைக்கடியில் வையுங்கள். சேனை என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ ஒரு துளிகூடக் கூடாது. அதற்குப் பதில், தாயின் சீம்பாலில் ஒரு துளியைக் கன்னத்தின் உள்பக்கம் தடவலாமா என்று சிஸ்டரைக் கேளுங்கள். பல இடங்களில் செய்கிறோம்.

கேள்வி (ஒரு தாய், கும்பகோணம்): கருவைக் காக்கிற அம்மன் இருக்கும் திருக்கருகாவூர் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு எண்ணெயும் வாங்கி வந்தேன். ஆனாலும் 31 வாரத்திலேயே பிரசவம். அம்மன் கைவிட்டுவிட்டாளா?

அந்த ஊர்த் தலபுராணத்தை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள், தங்கச்சி. முனிவரின் மனைவி வேதிகைக்கும் மாதம் நிறையவில்லை, கரு கலைந்தது. அம்மன் அதை ஒரு குடத்தில் வைத்துக் காத்து, நைதுருவன் என்ற பிள்ளையாகக் கொடுத்தாள். பாலுக்குக் காமதேனு வந்தது. தாய் வயிற்றுக்கு வெளியே வளர்ந்த பிள்ளையின் கதை அது. இன்குபேட்டர் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடம்தான் நினைவுக்கு வரும். உங்களுக்குப் பால் ஊறத் தாமதமானால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். முகம் தெரியாத எந்தத் தாயோ கறந்து கொடுத்த பால் அது. அவளுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஒரு தந்தை, ஈரோடு): நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். மனைவி அழுது வேண்டும்போது சும்மா நிற்கிறேன்.

பக்கத்தில் உட்காருங்கள், தம்பி. “இதெல்லாம் எதுக்கு” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பிறகு, கங்காரு முறையில் குழந்தையை உங்கள் நெஞ்சில் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல், எட்கர் ரே என்ற டாக்டர் குழந்தைகளைத் தாயின் வெற்று நெஞ்சோடு சேர்த்து வைக்கச் சொன்னார். குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. அப்பாவின் நெஞ்சும் அதே சூடுதான். சட்டைப் பட்டனைக் கழற்றி உட்கார்ந்த எத்தனையோ அப்பாக்கள் அங்கேதான் முதன்முதலாக அழுதார்கள். சாமிக்குச் சொல்ல முடியாத நன்றியை, இரவெல்லாம் விழித்திருக்கிற சிஸ்டருக்கும் தரை துடைக்கிற அக்காவுக்கும் சொல்லுங்கள்.

கேள்வி (ஒரு தந்தை, நாகூர்): காதில் பாங்கு சொல்ல அனுமதிப்பார்களா?

கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். கையைக் கழுவிவிட்டு மெல்லிய குரலில் சொல்லுங்கள், சின்னக் காதுக்கு அது போதும். கத்தோலிக்கர்களுக்கும் ஒன்று: உயிருக்கு ஆபத்தான நேரத்தில் குருவானவர் வர முடியாவிட்டால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். சில சொட்டுச் சுத்தமான நீர் போதும்.

கேள்வி (ஒரு தாய், சென்னை): பக்கத்து இன்குபேட்டர் குழந்தை தவறிவிட்டது. என் மகன் தேறுகிறான். சந்தோஷப்படவே கூசுகிறது.

கூசுவது உங்கள் நல்ல மனசு, அம்மா. ஆனால் உங்கள் மகன் தேறியது அந்தக் குழந்தையிடமிருந்து எடுத்துக்கொண்டது அல்ல. அந்தத் தாயைப் பார்த்தால் “எல்லாம் கடவுள் சித்தம்” என்று சொல்லாதீர்கள். பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிக் குழந்தையைப் பற்றிப் பேசுங்கள். பிறகு யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை என்று பல தாய்மார்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள். சாமி ஏன் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்தார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வருகிறவர்களை நான் நம்புவதும் இல்லை.

கேள்வி (ஒரு தாய், தூத்துக்குடி): வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் ஆனதும் நேராகப் போகலாமா?

வேண்டாம், மாதா காத்திருப்பார். கூட்டத்துக்குள் எப்போது கொண்டுபோகலாம் என்று டாக்டர் சொல்லட்டும். அதற்கு முன் கண் பரிசோதனை முடிந்ததா பாருங்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கும், 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவர்களுக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும், மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே. நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள்.