திரும்பிப் பார்ப்பவன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரின் ‘மூடுபனி எச்சரிக்கை’ ஓவியத்தின் பிரதியை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படகில் தனித்திருப்பவன், கரையில் விட்டுவந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறான். அடிவானத்து மூடுபனி மரணம். என் வாசிப்பு சரியா? அவன் பிழைத்தானா?

வி.

அன்புள்ள வி.,

ஒரே படத்தை ஒரு மாதம் பார்த்திருக்கிறீர்கள். அதற்காகவே உங்கள்மேல் பிரியம் வந்தது. பார்த்ததை விட்டுவிட்டு எங்கோ படித்ததை எழுதியிருக்கிறீர்களே என்று கோபமும் வந்தது.

பிழைத்தானா என்பதை விடுங்கள். சட்டகத்துக்கு வெளியே எனக்கு வேலை இல்லை. மரணமும் இருக்கட்டும். பனியைக் கண்டால் அந்தச் சொல்லை எழுத யாருக்கும் கை தானாகப் போகும்.

‘திரும்பிப் பார்க்கிறான்’ என்கிறீர்களே, அதை மட்டும் விடமாட்டேன். எப்போதாவது துடுப்பு வலித்திருக்கிறீர்களா? நான் நாற்பது வயதுக்குமேல் ஒருமுறை வலித்தேன். அதற்கு முன்பே இந்தப் படத்தைப் பற்றி உங்களைப் போல, இன்னும் மோசமாக, ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தேன். பலகையில் உட்கார்ந்து இரண்டு துடுப்புகளையும் இழுத்தபோதுதான் உறைத்தது. வலிப்பவனுக்கு முகம் விட்டுவந்த பக்கம், முதுகு போகும் பக்கம். சேரவேண்டிய இடத்தைப் பார்க்கக் கழுத்தைத் திருக வேண்டும். திருகினால் இழுப்பு தளர்கிறது, படகு கோணுகிறது. கட்டுரையை அன்றிரவே கிழித்தேன்.

ஹோமரின் ஆள் துடுப்பை நிறுத்தித் திரும்பியிருக்கிறான். அவன் பார்ப்பது போகவேண்டிய இடத்தை ஐயா, கடந்த காலத்தை அல்ல! தொலைவில் நிற்கிறதே, அந்தப் பாய்மரக் கப்பல். அந்நாளில் வட அட்லாண்டிக்கில் இத்தகைய கப்பல்கள் நடுக்கடலில் சிறு படகுகளை இறக்கிவிடும். தூண்டிலில் சிக்கியதோடு படகுக்காரன் கப்பலுக்கே திரும்பியாக வேண்டும். பனி கப்பலை மூடிவிட்டால் அவனுக்குத் திசை கிடையாது.

இனி மீன். உங்கள் கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை. படகின் பின்பக்கம் கிடப்பது ஹாலிபட், நூறு கிலோவைத் தாண்டி வளரக்கூடிய இனம். படகின் முன்பக்கமான அணியம் அலைமேல் தூக்கி நிற்க, அத்தனை பாரத்தையும் அவன் ஒருவனே வலிக்க வேண்டும். அவன் பிழைப்பு அது. அவனைப் பிடித்து இழுப்பதும் அதுதான். 1885-இல் வரையப்பட்ட இந்தப் படத்துக்கு ‘ஹாலிபட் மீன்பிடிப்பு’ என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எழுதிப் பிரதியின் கீழே ஒட்டிவிட்டு, இன்னொரு மாதம் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.