பெட்டை நாயை இணை சேர்க்க எது சரியான வயது? கேள்வி பதில்

இருபது ஆண்டுகளாக லேப்ரடார் வளர்க்கிறேன். என் வீட்டில் ஒன்பது ஈற்றுக் குட்டிகள் பிறந்திருக்கின்றன. நான் கால்நடை மருத்துவர் அல்ல. மருத்துவரிடம் எப்போது ஓட வேண்டும் என்பதை அடிபட்டுக் கற்றுக்கொண்டவள். அந்த அளவில் பதில் சொல்கிறேன்.

அக்கா, எங்கள் லேப்ரடார் பெட்டைக்கு ஒன்பது மாதம். போன வாரம்தான் முதல் முறையாக ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வந்தாள். நண்பர் வீட்டில் நல்ல கடுவன் (ஆண் நாய்) இருக்கிறது. இந்த முறையே சேர்த்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. ஹீட் வந்திருக்கிறது என்றால் அவளால் கருத்தரிக்க முடியும், அவ்வளவுதான். சுமந்து, ஈன்று, பாலூட்டி வளர்க்க முடியுமா என்பது வேறு கேள்வி. ஒன்பது மாத லேப்ரடாருக்கு எலும்பு வளர்ச்சியே முழுமை அடைந்திருக்காது. அவள் உண்பது அவள் உடம்புக்கே போதாத நேரத்தில் எட்டுக் குட்டிகளையும் சேர்த்துச் சுமக்கச் சொல்கிறோம்.

‘இரண்டாவது ஹீட்’, ‘மூன்றாவது ஹீட்’ என்று பலரும் எண்ணிச் சொல்வார்கள். அந்தக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். சிறிய இன நாய்கள் ஆறு மாதத்திலேயே முதல் ஹீட்டுக்கு வந்துவிடும். பெரிய இனங்களில் ஒன்றரை வயது, ஏன் இரண்டு வயது வரைகூட ஆகலாம். பொதுவாக ஆறேழு மாதங்களுக்கு ஒரு முறை வரும் என்றாலும் நாய்க்கு நாய் மாறும். பசென்ஜி போன்ற இனத்தில் ஆண்டுக்கு ஒரு முறைதான். ஆகவே நான் வயதையும் ஹீட்டையும் சேர்த்தே பார்ப்பேன். சிறிய இனம் என்றால் முதல் ஹீட்டை விட்டுவிட்டு, ஒன்றரை வயதை ஒட்டி. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் போன்றவை என்றால் இரண்டு வயது முடிந்த பிறகு.

இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள். என் இரண்டாவது பெட்டையைப் பதினான்கு மாதத்தில் சேர்த்தவள் நான். வயிற்றில் ஒரே ஒரு குட்டி. தாயின் உடம்புக்குப் பிரசவம் தொடங்கும்படி சொல்வதே குட்டிகள்தான். ஒற்றைக் குட்டி என்றால் சில நேரம் அந்தச் செய்தி போய்ச் சேர்வதில்லை. நாள் கடந்தது, நள்ளிரவில் அறுவை சிகிச்சை. மயக்கம் தெளிந்த அவள் குட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்துபோய் அறையின் மூலையில் படுத்துக்கொண்டாள். அவளே ஒரு குட்டிதானே. ஒற்றைக் குட்டி எந்த வயதிலும் அமையலாம். ஆனால் அந்த முகத்திருப்பலுக்கு என் அவசரமும் ஒரு காரணம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இரண்டு வயது என்று சொல்ல உடல் வளர்ச்சி மட்டும்தான் காரணமா?

இல்லை. பரிசோதனைகளும் ஒரு காரணம். இடுப்பு மூட்டுக் குறைபாடு பெரிய இனங்களில் பரம்பரையாக வருவது. வெளியே துள்ளி ஓடும் நாயின் எக்ஸ்ரேயில் மோசமான மூட்டு இருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் இந்த மூட்டுகளுக்குச் சான்று தரும் ஓ.எஃப்.ஏ. அமைப்பு 24 மாதம் நிறையாமல் இறுதிச் சான்று தருவதில்லை; அதற்கு முன் எடுப்பது முதற்கட்ட மதிப்பீடு மட்டுமே. சான்று வாங்குகிறீர்களோ இல்லையோ, அந்த வயதில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். முழங்கை மூட்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

சிறிய இனங்களில் முழங்கால் சில்லு இடம் விலகுகிறதா என்று மருத்துவர் கையாலேயே தொட்டுப் பார்த்துவிடுவார். கண், இதயப் பரிசோதனைகள் இனத்தைப் பொறுத்தவை. மரபணுப் பரிசோதனை செய்தால், படிப்படியாகப் பார்வை போகும் விழித்திரை நோய் போன்றவற்றை முன்கூட்டியே அறியலாம். இங்கே ஒரு தெளிவு தேவை: இத்தகைய பெரும்பாலான நோய்களில், நோயின் மரபணுவில் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் நாய் நோயாளி அல்ல. அதை அந்த மரபணு இல்லாத கடுவனோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் அந்த நோய் வராது. இருவருமே சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ‘சுமப்பவள்’ என்று அறிக்கை வந்ததும் அவளை ஒதுக்க வேண்டாம், கடுவனைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாரும் மறப்பது புரூசெல்லா ரத்தப் பரிசோதனை. இணை சேரும்போது தொற்றும் கிருமி இது. சினையின் கடைசி வாரங்களில் கருவைக் கலைக்கும், கடுவனை மலடாக்கும், மனிதருக்கும் பரவும். ஒவ்வொரு முறையும் சேர்ப்பதற்கு முன் இருவருக்கும் செய்ய வேண்டும். கடுவனின் உரிமையாளர் ‘எங்கள் நாய் சுத்தம்’ என்று வாயால் சொன்னால் போதாது, அறிக்கையைக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு கடுவனைப் பாருங்கள்.

ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் பெட்டை நாய் ஆரோக்கியமாக இருக்கும் என்கிறார்களே?

பொய். குட்டியே போடாத பெட்டை ஒன்றையும் இழப்பதில்லை.

இரண்டரை வயது ஆகிறது, உடல் நன்றாக இருக்கிறது. ஆனால் பயந்த சுபாவம். புதியவர்களைக் கண்டால் பல்லைக் காட்டுவாள். தாயானால் அமைதியாகிவிடுவாள் என்கிறார்கள். உண்மையா?

தாயானால் இன்னும் கடுமையாவாள் என்பதுதான் நான் கண்டது. பயந்த நாய்க்குக் குட்டிகளைக் காக்கும் பொறுப்பும் சேர்ந்தால் என்ன செய்யும் என்று யோசியுங்கள். அதோடு, அந்தப் பயத்தில் ஒரு பகுதி ரத்தத்திலேயே குட்டிகளுக்குப் போகும். மீதியை அவளோடு இருக்கும் வாரங்களில் பார்த்துக் கற்றுக்கொள்ளும். இவளைச் சேர்க்க வேண்டாம். நல்ல செல்லமாக இருக்கட்டும்.

ரத்தம் கண்டதிலிருந்து 11ஆம் நாளும் 13ஆம் நாளும் விட்டால் தவறாது என்று எங்கள் தாத்தா சொல்வார். போன முறை அப்படித்தான் செய்தோம், சினை பிடிக்கவில்லை. எங்கே தவறு?

தாத்தா சொன்னது பல நாய்களுக்குப் பொருந்தும், அதனால்தான் அந்தக் கணக்கு இத்தனை நாள் வாழ்ந்திருக்கிறது. உங்கள் நாய்க்குப் பொருந்தவில்லை. ரத்தம் கசியும் முதல் கட்டம் சராசரியாக ஒன்பது நாள். ஆனால் மூன்று நாளில் முடிவதும் உண்டு, இரண்டு வாரத்தைத் தாண்டுவதும் உண்டு. அதன் பிறகு கசிவு வெளிறும், வாலை ஒரு பக்கம் ஒதுக்கி நிற்பாள், கடுவனை அனுமதிப்பாள். இந்த இரண்டாம் கட்டமும் சராசரி ஒன்பது நாள்தான். இதிலும் அதே ஏற்ற இறக்கம். சில பெட்டைகளுக்குக் கசிவு வெளிறாமலே இருக்கும். நாக்கால் துடைத்துக்கொண்டே இருக்கும் நாயிடம் முதல் நாளையே நாம் தவறவிட்டிருப்போம். முதல் நாளே தவறு என்றால் 11ஆம் நாள் எங்கே சரியாக இருக்கும்?

இன்னொன்றும் உண்டு. மற்ற பல விலங்குகளைப் போல் அல்லாமல், நாயின் முட்டை வெளிவந்த உடனே கருவுறத் தயாராக இருப்பதில்லை. முதிர இரண்டு நாள் எடுக்கும், பிறகு இரண்டு மூன்று நாள் உயிரோடு இருக்கும். விந்தணு உள்ளே ஐந்து நாள் அல்லது அதற்கு மேலும் தாக்குப்பிடிக்கும் என்பதால்தான் தோராயக் கணக்கிலும் குட்டிகள் பிறந்துவிடுகின்றன.

துல்லியம் வேண்டுமென்றால் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனை. கசிவு தொடங்கிய ஐந்தாறு நாளில் முதல் முறை எடுத்து, பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை தொடர வேண்டும். தொடக்கத்தில் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குக் கீழே இருக்கும். 2ஐ ஒட்டி ஏறும்போது உடல் முட்டையை விடத் தயாராகிறது. 5ஐ ஒட்டி முட்டை வெளியாகிறது. அங்கிருந்து இரண்டாம் நாளும் நான்காம் நாளும் சேர்த்தால் நல்லது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண் சற்று மாறும் என்பதால் எல்லா முறையும் ஒரே இடத்தில் எடுங்கள். இதில் கூடுதல் லாபம், பிரசவ நாளும் தெரிந்துவிடும்: முட்டை வெளியான நாளிலிருந்து 63 நாள், ஒரு நாள் முன்பின். இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 வரை எங்கும் விழலாம்.

கடுவனையும் மறக்க வேண்டாம். விந்தைப் பரிசோதித்தீர்களா? பழி எப்போதும் பெட்டை மேல்தான் விழுகிறது.

ராட்வைலர், இருபது மாதம். இன்னும் ஹீட் வரவே இல்லை. பயமாக இருக்கிறது.

பெரிய இனம்; 24 மாதம் வரை காத்திருக்கலாம். நீங்கள் கவனிக்காமல் ஓசையின்றி வந்து போயிருக்கவும் கூடும். ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் உயர்ந்திருந்தால் அண்மையில் வந்து போனது தெரிந்துவிடும். இரண்டு வயதைக் கடந்தும் வரவில்லை என்றால் தைராய்டு உட்பட எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இளம் பெட்டைகளில் ஹீட் தொடங்கி, பாதியில் அடங்கி, சில வாரம் கழித்து மீண்டும் வருவதும் உண்டு. அது நோய் அல்ல.

அம்மா, எட்டு மாதப் பெட்டை. நேற்று கதவு திறந்திருந்தபோது வெளியே ஓடி, ஒரு நாயோடு பிணைந்துவிட்டாள். இப்போது என்ன செய்வது?

பிணைந்திருக்கும்போது பிரித்து இழுக்கவில்லையே? அப்படிச் செய்தால் இருவருக்கும் காயம் ஏற்படும். ஐந்து நிமிடம் முதல் முக்கால் மணி நேரம் வரை தானாகவே விலகும். நடந்தது நடந்துவிட்டது, இன்றே மருத்துவரிடம் போங்கள். கருவைத் தடுக்கும் ஊசிகள் உண்டு. எதை, எந்த நாளில் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். கேள்விப்பட்ட மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், சில மருந்துகள் கருப்பையையே சீழ்பிடிக்க வைக்கும். இந்த ஹீட் முடியும்வரை கட்டியே வையுங்கள்; வேறொரு கடுவனோடும் சேர்ந்தால் ஒரே ஈற்றில் இரண்டு தந்தையரின் குட்டிகள் பிறக்கலாம்.

ஆறு வயதாகிறது, இதுவரை குட்டி போட்டதில்லை. ஒரே ஒரு முறை ஆசையாக இருக்கிறது.

ஆசை உங்களுடையது, ஆபத்து அவளுடையது. இந்த வயதில் தலையீற்று என்றால் குட்டிகள் குறையும், பிரசவச் சிக்கல் கூடும். நான் செய்ய மாட்டேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஹீட் முடிந்து ஒன்று இரண்டு மாதத்துக்குள் அவள் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ, சோர்ந்தாலோ, கசிவு தெரிந்தாலோ கருப்பையில் சீழ் என்று சந்தேகியுங்கள். கசிவே இல்லாமலும் வரும், அதுதான் மோசமான வகை. ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

சேர்ப்பதற்கு முன்பே கால்சியம் மாத்திரை தொடங்கலாமா?

கூடாது. சினைக்காலத்தில் வெளியிலிருந்து கால்சியம் கொட்டினால், எலும்பிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும் வேலையை உடல் மறந்துவிடும். பிறகு பால் சுரக்கும் நாட்களில் கால்சியம் சரிந்து நடுக்கமும் வலிப்பும் வரும், சிறிய இனங்களில் அதிகம். சினையின் கடைசி மூன்று வாரங்களுக்குக் குட்டிகளுக்கான தரமான உணவே போதும். இணை சேர்ப்பதற்கு முன்பே தடுப்பூசியை முடித்துவிடுங்கள். விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். கொழுத்த பெட்டைக்குச் சினை பிடிப்பதும் கடினம், ஈனுவதும் கடினம்.

அலுவலகத்தில் எத்தனை நாள் விடுப்பு எடுக்க வேண்டும் அக்கா?

இந்த வரிசையிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். சினையின் 58ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் அவள் உடல் வெப்பத்தைக் குறித்து வையுங்கள். 38 டிகிரி செல்சியஸை ஒட்டி இருப்பது 37ஐ ஒட்டி இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பிரசவம். அன்றிலிருந்து குறைந்தது இரண்டு வாரம் வீட்டில் ஒருவர் முழு நேரமும் இருக்க வேண்டும். பிறந்த குட்டிகளால் தம் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாது. தாய் மேலே படுத்து நசுக்கிவிடுவதும் உண்டு. பால் இல்லை என்றாலோ தாய் ஏற்கவில்லை என்றாலோ, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும், நீங்கள்தான் புட்டிப்பால் கொடுக்க வேண்டும். அந்த ஒற்றைக் குட்டியை நான் அப்படித்தான் வளர்த்தேன். இப்போது பதினோரு வயது. நான் எழுந்தால் கூடவே எழுந்து அடுக்களை வரை வருவான்.