'வெறும் இலை' என்று சொல்லாதீர்கள்

கேள்வி: ஆங்கிலத்தில் இலையை வர்ணிக்க ஓவேட், கார்டேட், செர்ரேட், லான்சியோலேட் என்று எத்தனை சொற்கள்! தமிழில் எல்லாமே வெறும் இலைதானே?
– ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: அந்த 'வெறும்'தான் என்னைச் சுடுகிறது, டீச்சர். நம் தோட்டத்துப் பாட்டி எவரிடமாவது போய், எண்ணெய்ப்பனையைக் காட்டி 'செம்பனை இலை' என்று சொல்லிப் பாருங்கள். "இலையா? மட்டைன்னு சொல்லு" என்று அங்கேயே திருத்துவார். மட்டையில் பிரிவது ஓலை, ஓலைக்கு நடுவில் ஓடுவது ஈர்க்கு, உச்சியில் விரியாமல் நிற்பது குருத்து. பால்மரத்துக்கு, அதாவது ரப்பர் மரத்துக்கு வாருங்கள், பேச்சே மாறிவிடும்: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. தொல்காப்பிய மரபியலும் இப்படித்தான் பிரிக்கிறது. வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே பாய்ந்தது மரம். ஓலையும் மடலும் புல்லுக்கு, இலையும் தளிரும் மரத்துக்கு. பனையைப் புல்லோடு சேர்த்ததை இன்றைய தாவரவியலும் மறுக்காது; இரண்டும் ஒருவித்திலைத் தாவரங்கள்.

ஆங்கிலச் சொற்களை நான் குறைத்துப் பேசவில்லை. தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1751-இல் இலை வடிவங்களைப் படம் போட்டு வரிசைப்படுத்தினார். அது பெரிய உழைப்பு. வடிவத்துக்கு அப்படியொரு ஒழுங்கு நம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன? இலத்தீனில் ஓவம் என்றால் முட்டை, கோர் இதயம், செர்ரா ரம்பம், லான்சியா ஈட்டி. கண்ணெதிரே கிடந்ததைப் பார்த்துப் பேர் வைத்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் இலையில் ஈட்டியைக் கண்டார்கள். நம் சங்கப் புலவர்களோ வேலின் முனையையே 'இலை' என்று பாடினார்கள்! தைப்பூசத்துக்கு வேல் தூக்கும் நாம் மாவிலையை 'வேல்வடிவ இலை' என்று சொல்ல ஏன் கூச வேண்டும்?

என் பழைய சண்டை இதுதான். பால்மரத்தில் ஒரு காம்புக்கு மூன்று இலை; வில்வத்திலும் மூன்று. மூவிலை என்றால் நம் பிள்ளைக்கு உடனே புரியும். அதை விட்டுவிட்டு 'டிரைஃபோலியேட்' என்று உருப்போட வைக்கிறோம். 1877-இல் பால்மரக் கன்று ஊன்றிய கோலகங்சார் நமக்குப் பக்கத்து ஊர். தலைமுறை தலைமுறையாக அந்த மரத்தைச் சீவிய வீட்டுப் பிள்ளை, அதன் இலையைச் சொல்ல அகராதியைத் தேட வேண்டுமா?

பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலையெல்லாம் கொட்டும். மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், பால் குறையும்; வீட்டில் சம்பளமும் குறையும். பிறகு செம்பு நிறத்தில் துளிர்க்குமே, அதற்கு உங்கள் மாணவர் வீட்டுப் பெரியவர்கள் என்ன பேர் சொல்கிறார்கள்? கேட்டு எழுதி அனுப்புங்கள், டீச்சர். அடுத்த இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.