ரூட் கெனாலுக்கு 950 பவுண்டா, பல்லைப் பிடுங்கிவிடுவதா?

கேள்வி: நானும் என் கணவரும் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். கேர் ஹோமில் வேலை, வேலை விசா. கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லில் தாங்க முடியாத வலி வந்து, என்.எச்.எஸ். (அரசுப் பொது மருத்துவச் சேவை) பல் மருத்துவரிடம் அவசரமாகப் போனேன். பல்லைத் திறந்து மருந்து வைத்து அடைத்தார், வலி போய்விட்டது. ஆனால் எக்ஸ்ரேயைக் காட்டி, "வேர்க்குழாய்கள் வளைந்து, சுருங்கிப் போயிருக்கின்றன, இதை என்.எச்.எஸ்.ஸில் செய்ய முடியாது. தனியார் நிபுணரிடம் போனால் ரூட் கெனாலுக்கு (வேர் சிகிச்சைக்கு) 950 பவுண்டு, கிரவுன் (பல்லின் மேல் போடும் கேப்) தனி. இல்லையென்றால் பிடுங்கிவிடலாம்" என்கிறார். வாடகை போக எங்கள் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். உண்மையிலேயே வேறு வழி இல்லையா? சென்னைக்கு வந்து பார்த்துக்கொள் என்கிறார் அம்மா.

பதில்: பணம் கட்டவும் வேண்டாம், பிடுங்கச் சம்மதிக்கவும் வேண்டாம். முதலில் ஏன் முடியாது என்பதை அவரிடம் நேராகக் கேளுங்கள். இந்தப் பல்லைச் செய்யும் அளவுக்குத் தனக்குப் பயிற்சியும் கருவியும் இல்லை என்கிறாரா? அல்லது செய்யத் தெரியும், ஆனால் என்.எச்.எஸ். கட்டணத்துக்குச் செய்ய மாட்டேன் என்கிறாரா? இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் அடுத்து எங்கே போக வேண்டும் என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது.

முதல் காரணம் நேர்மையானது. தன் திறமைக்கு மேற்பட்ட சிகிச்சையில் மருத்துவர் கைவைக்கக் கூடாது என்பது இங்கே தொழில் ஒழுக்க விதி. சுருங்கிய, வளைந்த குழாயில் ஊசி போன்ற ஃபைல் உள்ளே உடைந்துபோவதும், வேரில் துளை விழுவதும் நடக்கிற விஷயங்கள்தான். அப்படி ஆவதைவிட "என்னால் முடியாது" என்று சொல்லும் மருத்துவர் உங்களுக்கு நல்லது செய்கிறார். ஆனால் அப்படிச் சொல்பவர் அத்தோடு நிறுத்தக் கூடாது. செய்யக்கூடிய இன்னொருவரிடம் அனுப்ப வேண்டும். அந்த இன்னொருவர் தனியாராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இரண்டாவது காரணம் சரியல்ல. கடைவாய்ப் பல்லின் ரூட் கெனால் என்.எச்.எஸ். சிகிச்சைப் பட்டியலில் இருக்கிறது. தனியார் சிகிச்சைக்குச் சம்மதிக்க வைப்பதற்காக, தேவையான ஒரு சிகிச்சை என்.எச்.எஸ்.ஸில் கிடைக்காது என்று சொல்லக் கூடாது, அதன் தரத்தைப் பற்றித் தவறான எண்ணத்தை ஏற்படுத்தவும் கூடாது என்று இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டுப் பல் மருத்துவ ஒப்பந்த விதிகளே சொல்கின்றன. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. "இதே பல்லை நீங்களே தனியார் கட்டணத்துக்குச் செய்வீர்களா?" என்று கேளுங்கள். செய்வேன் என்றால் பிரச்சினை திறமையில் இல்லை.

மருத்துவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. என்.எச்.எஸ். அவர்களுக்குப் பணம் தருவது யு.டி.ஏ. என்ற அலகுக் கணக்கில். ஒரு ஃபில்லிங் என்றால் 3 அலகு. 2022 நவம்பர் வரை கடைவாய்ப் பல் ரூட் கெனாலுக்கும் அதே 3 அலகுதான். அதன்பிறகு அது 7 ஆனது. 2024இலிருந்து ஓர் அலகுக்குக் குறைந்தபட்சம் 28 பவுண்டு என்று வைத்தார்கள். அந்தக் குறைந்தபட்ச மதிப்பில் கணக்கிட்டால் 196 பவுண்டு. நீங்கள் கட்டும் கட்டணமும் இதற்குள் அடக்கம், மேலே கிடைப்பதில்லை. அப்புறம் கிரவுனும் சேர்ந்தால் மொத்தம் 12 அலகுதான், அதிலிருந்துதான் கிரவுன் செய்யும் லேப்பின் பில்லையும் கொடுக்க வேண்டும். வளைந்த குழாய்களுள்ள ஒரு பல்லுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இரண்டு முறை உட்கார வேண்டியிருக்கும். ரூட் கெனால் ஃபைல்களை ஒரு நோயாளிக்குப் பிறகு மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பது 2007இலிருந்து இங்குள்ள நடைமுறை, அந்தச் செலவும் மருத்துவருடையது. கணக்கு கட்டாது என்று அவர் நினைப்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கோளாறு அவருக்கும் அரசுக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் உள்ளது. அதன் சுமையை நோயாளியின் தலையில் இறக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி உங்கள் பக்கத்துக் கணக்கு. இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் கட்டணப்படி பேண்ட் 1 எனப்படும் முதல் கட்டண நிலை, அவசர சிகிச்சை இரண்டும் 27.40 பவுண்டு. ஃபில்லிங், ரூட் கெனால், பல் பிடுங்குவது எல்லாம் பேண்ட் 2, அது 75.30. கிரவுன், பிரிட்ஜ், பல்செட் எல்லாம் பேண்ட் 3, அது 326.70. வழக்கமாக ஏப்ரலில் இது மாறும், அதனால் அன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் கவனிக்காத ஒன்று: கட்டணம் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி இல்லை. ஒரே சிகிச்சைத் திட்டத்துக்குள் பரிசோதனை, எக்ஸ்ரே, ரூட் கெனால், கிரவுன் எல்லாம் நடந்தால் மொத்தமும் 326.70தான். 75.30ஐயும் 326.70ஐயும் கூட்டிக் கேட்டால் அது தவறு. நீங்கள் ஏற்கெனவே அவசர சிகிச்சைக்குக் கட்டிய 27.40 மட்டும் வேறு கணக்கு. முடித்த ரூட் கெனாலோ கிரவுனோ 12 மாதத்துக்குள் கெட்டுப்போனால் அதே கிளினிக்கில் பெரும்பாலும் கட்டணமில்லாமல் சரிசெய்து தர வேண்டும். இதில் சில விதிவிலக்குகள் உண்டு. அதிக நாள் தாங்காது என்று முன்பே சொல்லிச் செய்திருந்தால் இந்த உத்தரவாதம் இல்லை.

சரி, உங்கள் மருத்துவர் உண்மையிலேயே தன்னால் முடியாது என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "என்.எச்.எஸ். ரெஃபரல் (பரிந்துரைக் கடிதம்) எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். ரூட் கெனாலைக் கடினத்தைப் பொறுத்து மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். சாதாரணப் பல் மருத்துவர் செய்வது முதல் நிலை. கூடுதல் பயிற்சி பெற்றவர் செய்வது இரண்டாவது, நிபுணரோ மருத்துவமனையோ செய்வது மூன்றாவது. இரண்டாம் நிலை மருத்துவர்களை என்.எச்.எஸ். எல்லா ஊரிலும் நியமித்து வைக்கவில்லை. 2023 ஏப்ரலிலிருந்து அந்தப் பொறுப்பு ஐ.சி.பி. எனப்படும் வட்டார நல வாரியங்களிடம் இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் உண்டா என்று கிளினிக்கிலேயே கேட்கலாம், வாரியத்துக்கும் எழுதிக் கேட்கலாம். அங்கே போனால் கட்டணம் ஒரு முறையா, இரண்டு முறையா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். அது தனிச் சிகிச்சைத் திட்டமாகக் கணக்கிடப்பட்டால் இன்னொரு கட்டணம் வரும்.

மருத்துவமனைப் பல் பிரிவில் சிகிச்சை கிடைத்தால் கட்டணம் இல்லை, பல்செட், பிரிட்ஜ் போன்றவற்றுக்கு மட்டும் கேட்கலாம். ஆனால் அங்கே இடம் கிடைப்பது எளிதில்லை. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு எடுத்தவர்கள், ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், எலும்புக்காகச் சில மருந்துகள் எடுப்பவர்கள் என, பல்லைப் பிடுங்குவதே ஆபத்தாக இருப்பவர்களுக்கு அங்கே முன்னுரிமை. உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தால் ரெஃபரலில் அதை எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் பல் மருத்துவக் கல்லூரிகளை நினைத்துப் பாருங்கள். லண்டனில் கிங்ஸ் கல்லூரியின் மாணவர்கள் கைஸ் மருத்துவமனையிலும் டென்மார்க் ஹில்லிலும், குவீன் மேரி மாணவர்கள் வைட்சேப்பலிலும் ஆசிரியர் மேற்பார்வையில் இலவசமாகப் பார்க்கிறார்கள். நேரம் நிறைய ஆகும், ஆள் எடுப்பதை அடிக்கடி நிறுத்தியும் வைப்பார்கள். மிகக் கடினமான கடைவாய்ப் பல்லை இளநிலை மாணவர்களுக்குத் தர மாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வருமானம் குறைவு என்கிறீர்களே, அதற்கு ஒரு வழி இருக்கிறது. வேலை விசாவில் இருப்பவர்கள் பயந்துகொண்டு அதைக் கேட்பதே இல்லை. எச்.சி.1 என்ற படிவத்தில் வருமானம், வாடகை, சேமிப்பு விவரங்களைத் தந்து விண்ணப்பித்தால், கணக்குப் பார்த்து எச்.சி.2 சான்றிதழ் தரலாம், அப்போது பல் கட்டணம் முழுக்க இலவசம். எச்.சி.3 வந்தால் ஒரு பகுதி குறையும். சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. விசாவில் அரசு நிதி பெறக் கூடாது என்று போட்டிருக்கும். அந்த அரசு நிதிப் பட்டியலில் இந்தத் திட்டம் இல்லை, அதனால் தயங்க வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ, கடந்த 12 மாதத்துக்குள் குழந்தை பிறந்திருந்தாலோ, வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசம். சான்றிதழ் கையில் வராமல் "எனக்கு இலவசம்" என்று டிக் செய்துவிடாதீர்கள், 100 பவுண்டு வரை அபராதம் வரும். இப்போதைக்குக் கட்டிவிட்டால் ரசீதை வைத்து 3 மாதத்துக்குள் திரும்பக் கேட்கலாம். இந்தச் சலுகைகள் எதுவும் தனியார் பில்லுக்குப் பொருந்தாது. எச்.சி.2 கிடைத்த ஒருவருக்கு ஒரு பக்கம் பூஜ்யம், மறுபக்கம் 950. அதனால்தான் ரெஃபரலை விடாமல் கேளுங்கள் என்கிறேன்.

எல்லா வழியும் அடைபட்டுத் தனியாரிடம் போவதானாலும், முதலில் தெரிய வேண்டியது இந்தப் பல் நிற்குமா என்பதுதான். வேர் எவ்வளவு சுத்தமானாலும், ஈறுக்கு மேலே நல்ல பல் சுவர் மிச்சமில்லை என்றால் கிரவுன் பிடிக்காது. அந்தப் பல்லில் 950 பவுண்டு போடுவது வீண். நிபுணரிடம் அதை முதல் சந்திப்பிலேயே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். விலையை எழுத்தில் வாங்குங்கள். முதல் ஆலோசனைக் கட்டணம், ஸ்கேன், உள்ளே வைக்கும் அடைப்பு எல்லாம் 950க்குள் அடங்குமா? குழாய் திறக்கவே முடியாமல் பாதியில் நின்றால் எவ்வளவு வாங்குவார்? கிரவுனை மட்டும் உங்கள் என்.எச்.எஸ். மருத்துவரிடம் போட்டுக்கொள்ள முடியும் என்றால் பல நூறு பவுண்டு மிஞ்சும். ஆனால் இன்னொருவர் வேர் பார்த்த பல்லில் கிரவுன் போட உங்கள் மருத்துவர் ஒப்புக்கொள்கிறாரா என்று நிபுணரிடம் போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இப்போது அவசரமாகப் பல் காப்பீடு எடுப்பதில் பயன் குறைவு. எடுப்பதற்கு முன்பே கண்டறிந்த பிரச்சினைக்குப் பெரும்பாலான திட்டங்கள் பணம் தராது.

பிடுங்குவதையும் மலிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன 2025 கட்டணப்படி 75.30தான். அந்த இடத்தில் இம்பிளான்ட் வைக்க வேண்டுமென்றால் சாதாரணமாக என்.எச்.எஸ். தராது, தனியாரில் இரண்டாயிரம் பவுண்டைத் தாண்டும். ஆனால் உங்களுடையது வரிசையின் கடைசிப் பல்லாக இருந்து, மெல்ல மற்றப் பற்கள் நன்றாக இருந்தால், பிடுங்கிவிட்டு அந்த இடத்தை அப்படியே விடுவதும் மோசமான முடிவல்ல. அந்த நிலையில் என் வீட்டில் ஒருவர் இருந்தால் 950 பவுண்டு செலவழி என்று நான் வற்புறுத்த மாட்டேன். அதற்கு முன்னால் உள்ள பல் என்றால் காப்பாற்றத்தான் சொல்வேன்.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சென்னையில் வேர் சிகிச்சையில் முதுநிலைப் பட்டம் பெற்ற நிபுணர்கள் தாராளமாக இருக்கிறார்கள், ரூட் கெனாலும் கேப்பும் சேர்த்தே இங்குள்ள விலையில் சிறு பங்குதான். எப்படியும் ஊருக்குப் போகிற திட்டம் இருந்தால் எக்ஸ்ரேக்களை வாங்கிக்கொண்டு போய்ச் செய்துகொள்ளுங்கள். வேர் முடித்து, அளவெடுத்து, கேப் பொருத்த இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள், சிகிச்சைக் குறிப்பையும் கடைசி எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்து வாருங்கள். திரும்பி வந்தபின் அந்தப் பல் தொல்லை கொடுத்தால் இங்கே 12 மாத உத்தரவாதம் கிடையாது. இதற்காகவே டிக்கெட் போடுவதானால், டிக்கெட் விலையையும் இழக்கும் சம்பளத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், மிச்சம் பெரிதாக இருக்காது.

எந்த வழியில் போனாலும் நாளைத் தள்ளாதீர்கள். வலி போனது குணமானதால் அல்ல. இப்போது பல்லில் இருப்பது தற்காலிக அடைப்பு, சில வாரங்களில் அது கசியத் தொடங்கும், உள்ளே கிருமி மறுபடி சேரும். காத்திருக்கும்போது வலித்தால் என்.எச்.எஸ். உதவி எண்ணான 111ஐ அழையுங்கள், அவசர சந்திப்பு ஏற்பாடு செய்வார்கள். தாடைக்கடியில் வீக்கம் பரவினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தாலோ பல் மருத்துவரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.