கரண்ட் கான்ட்ராக்ட்: கையெழுத்துக்கு முன்னாடி என்ன கேக்கணும்?

கேள்வி: சிங்கப்பூர் தேக்கா பக்கம் சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கேன். ஏர்கான், ஃப்ரீசர், கிரைண்டர் எல்லாம் சேத்து மாசம் ஏழாயிரம் யூனிட் ஓடுது. எஸ்பி குரூப் டாரிஃப்லதான், அதாவது அரசாங்கம் ஒழுங்குபடுத்துற ரேட்லதான் இருக்கோம். ஒரு புரோக்கர் வந்து, வேற கரண்ட் கம்பெனிக்கு மாறினா யூனிட்டுக்கு மூணு காசு கம்மி, ரெண்டு வருஷ கான்ட்ராக்ட், இன்னிக்கே சைன் பண்ணுங்கங்கிறாரு. அந்தக் கம்பெனி நடுவுல மூடிட்டா கடை இருட்டாயிடுமா?
- ஒரு வாசகி

பதில்: இருட்டாகாது சகோதரி, அந்தப் பயமே வேணாம். யார்கிட்ட வாங்கினாலும் கேபிள், மீட்டர் எல்லாம் எஸ்பி குரூப்தான் பாத்துக்குது. 2021 கடைசில எரிவாயு விலை எகிறினப்போ பல ரீடெய்லருங்க, அதாவது இந்த மாதிரி கரண்ட் விக்கிற கம்பெனிங்க மூடிட்டுப் போனாங்க, அதனால யாருக்கும் கரண்ட் கட்டாகல.

பயப்பட வேண்டியது விலைக்குத்தான். நம்ம ஊர் கரண்ட்ல சுமார் 95 சதவீதம் இயற்கை எரிவாயுல வருது, அதனால அது ஏறினா இதுவும் ஏறும். ரீடெய்லருங்க கரண்ட் வாங்குற ஹோல்சேல் மார்க்கெட் 2003லேர்ந்து நடக்குது, அங்க அரை மணிக்கு ஒரு விலை, உச்சவரம்பே ஒரு மெகாவாட் மணிக்கு 4,500 வெள்ளி, அதாவது யூனிட்டுக்கு நாலரை வெள்ளி! ரீடெய்லர் அந்த ஏத்த இறக்கத்த தான் வாங்கிக்கிட்டு உங்களுக்கு ஒரே ரேட் போட்டுத் தர்றாரு, அவரால தாங்க முடியலன்னா நீங்க எங்க போய் நிப்பீங்க, அதான் கேள்வி. மாசம் சராசரி 4,000 யூனிட்டுக்குக் கீழ இருக்குற சின்ன கடைங்க எஸ்பி டாரிஃப்க்குத் திரும்பி வந்துடலாம். நீங்க ஏழாயிரம். ஒரு தடவை வெளிய போயிட்டா அந்த டாரிஃப் திரும்பக் கிடைக்காது, வேற ரீடெய்லரப் பிடிக்கணும், இல்லேன்னா ஹோல்சேல் விலைதான். இத புரோக்கர் சொன்னாரா?

அடுத்தது அந்த மூணு காசு. ஏழாயிரம் யூனிட்டுக்கு மாசம் 210 வெள்ளி, நல்ல காசுதான். ஆனா அவர் சொல்ற ரேட்ல எல்லாம் அடக்கமா, இல்ல வெறும் கரண்ட் விலை மட்டுமா? கரண்டக் கொண்டு வர்ற கேபிளுக்கான கிரிட் கட்டணமே யூனிட்டுக்குச் சில காசு வரும், அது போக மார்க்கெட் கட்டணம், லைன்ல வீணாகுற கரண்டுக்கான கணக்கு, அதுக்கு மேல 9 சதவீத ஜிஎஸ்டி. இதெல்லாம் தனியா வந்தா உங்க மூணு காசு போன இடம் தெரியாது. பவர் ஸ்டேஷன் வெளிய விடுற கார்பனுக்குப் போடுற கார்பன் வரியும் டன்னுக்கு 25 வெள்ளி இருந்தது 2026லேர்ந்து 45 வெள்ளி, அத உங்க தலையில ஏத்துற ஷரத்து இருக்கான்னு பாருங்க. டெபாசிட், பாதியில விட்டா எவ்ளோ கட்டணும், இதெல்லாம் கேட்டுடுங்க. எனக்கு ரொம்பக் கவலை தர்றது கான்ட்ராக்ட் முடியுற தேதிதான், அது முடிஞ்ச மறுநாள் தானா எந்த ரேட்டுக்கு மாறும்னு யாரும் கேக்குறதே இல்ல.

இன்னிக்கே சைன் பண்ணச் சொல்றவர்கிட்ட உங்க கடைசி மூணு மாச பில்லக் குடுங்க. அதே யூனிட்டுக்கு அவர் கான்ட்ராக்ட்ல வரி உள்பட மொத்தம் எத்தன வெள்ளி வரும்னு எழுதித் தரட்டும். தரலன்னா கையெழுத்துப் போடாதீங்க.