அந்த 13,099 பேர்

கேள்வி: குடியேறிகளைப் பற்றிய டிரம்ப்பின் பேச்சை ‘பூச்சாண்டி’ என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். 13,000 கொலைகாரர்கள் வெளியே திரிகிறார்கள் என்பது அமெரிக்க அரசே கொடுத்த கணக்கு. என் மகன் நியூ ஜெர்சியில் முறையாக எச்-1பி விசாவில் இருக்கிறான். திருட்டுத்தனமாக நுழைந்தவர்களால்தான் அங்கே குற்றம் பெருகுகிறது என்று அவனும் சொல்கிறான். உங்கள் புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு, மகளைப் பறிகொடுத்த தாய்க்கு என்ன பதில் சொல்வீர்கள்?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: அரசு கொடுத்த கணக்குதான், மறுக்கவில்லை. அதனால் அதையே முதலில் பிரித்துப் பார்த்துவிடலாம்.

2024 செப்டம்பர் கடைசியில், டெக்சாஸைச் சேர்ந்த குடியரசுக் கட்சி எம்.பி. டோனி கான்சாலெஸ் கேட்டதற்கு, குடியேற்ற அமலாக்கத் துறை (அங்கே சுருக்கமாக ‘ஐஸ்’) ஒரு கடிதம் அனுப்பியது. கொலைக் குற்றத்தில் தண்டனை பெற்று, ஆனால் ஐஸின் காவலில் இல்லாத வெளிநாட்டவர்கள் அந்த ஜூலை நிலவரப்படி 13,099 பேர் என்றது கடிதம். அதிபர் தேர்தலுக்கு ஆறு வாரம்கூட இல்லை. கமலா ஹாரிஸ் பொறுப்பில் இருந்த மூன்றரை வருடத்தில் 13,000 கொலைகாரர்கள் நாட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று டிரம்ப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கடிதத்தில் அப்படி இல்லை. ‘ஐஸின் காவலில் இல்லை’ என்றால் ஐஸின் தடுப்பு மையத்தில் இல்லை என்றுதான் பொருள். ஒருவர் டெக்சாஸ் மாநிலச் சிறையில் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தாலும் இந்தப் பட்டியலில் அவர் ‘காவலில் இல்லாதவர்’தான். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை உடனே விளக்கம் கொடுத்தது: பட்டியலில் இருப்பவர்கள் 40 வருடங்களுக்கும் மேலாக நாட்டுக்குள் வந்தவர்கள், பலர் மத்திய, மாநில, உள்ளூர்ச் சிறைகளில் இருக்கிறார்கள். கிரீன் கார்டோடு முறையாக வாழ்ந்து, பிறகு குற்றம் செய்து, நாடுகடத்தல் நடவடிக்கைக்கு உள்ளானவர்களும் இதில் அடக்கம். தண்டனை முடிந்தும் சொந்த நாடு திரும்ப ஏற்க மறுத்தவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்களைக் காலவரையின்றி அடைத்துவைக்கக் கூடாது என்று 2001-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாற்பது வருடக் கடன் நோட்டைக் கூட்டிப் போட்டு, ‘போன மாசம் மட்டும் இவ்வளவு கடன்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது.

இன்னொன்றும் உண்டு. குற்றத் தண்டனை பெற்று ஐஸ் காவலில் இல்லாதவர்கள், எல்லாக் குற்றங்களையும் சேர்த்து, 2024-ல் சுமார் 4 லட்சத்து 25 ஆயிரம் பேர். பைடன் பதவியேற்ற சில மாதங்களில், 2021 ஜூனிலேயே, இது 4 லட்சத்தைத் தாண்டியிருந்தது. டிரம்ப் முதல்முறை ஜெயிப்பதற்கு முன்பே, 2016-ல், 3 லட்சத்து 68 ஆயிரம். அப்படியானால் அவருடைய நான்கு வருடத்திலும் அந்தப் பட்டியல் குறையவே இல்லை. மேடையில் இதைச் சொல்லமாட்டார்கள்.

சரி, குற்றம் பெருகுகிறது என்கிறாரே உங்கள் மகன். எத்தனை பேர் குற்றம் செய்தார்கள் என்று மட்டும் சொல்லி, எத்தனை பேரில் என்பதை விழுங்கிவிட்டால் எந்தக் கூட்டத்தையும் கொலைகாரக் கூட்டமாகக் காட்டலாம். அந்த இரண்டாவது எண் ஓரளவு நம்பகமாகக் கிடைக்கும் இடம் டெக்சாஸ். அங்கே கைதானவரின் கைரேகை மத்திய அரசுக்குப் போகிறது. குடியேற்ற ஆவணங்களோடு ஒப்பிட்டு, அவர் யார் என்ற பதில் வருகிறது. அதை மாநிலம் பதிவு செய்து வைக்கிறது. மாநில அரசு தன் இணையதளத்தில் போடுவது முதல் எண்ணை மட்டும்தான்: இத்தனை ஆயிரம் வெளிநாட்டுக் குற்றவாளிகள் பிடிபட்டார்கள் என்று. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லைட்டும் அவருடைய சகாக்களும் அதே மாநிலத்தின் 2012 முதல் 2018 வரையான கைதுப் பதிவுகளை வாங்கி, மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தார்கள். ஆவணமற்ற (முறையான அனுமதியில்லாத) குடியேறிகளைவிட, அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள் வன்முறைக் குற்றங்களில் கைதாகும் விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல். போதைப்பொருள் வழக்குகளில் இரண்டரை மடங்கு. சொத்துக் குற்றங்களில் நான்கு மடங்குக்கும் மேல். 2020-ல் வெளியான ஆய்வு இது.

இடதுசாரிப் பேராசிரியர்கள் என்று தள்ளிவிட்டால், கேட்டோ நிறுவனம் இருக்கிறது. வரியைக் குறை, அரசே ஒதுங்கு என்று சொல்கிறவர்கள், இடதுசாரிகள் பக்கமே போகாதவர்கள். அவர்கள் 2022-ஆம் ஆண்டின் டெக்சாஸ் கொலைத் தண்டனைகளைக் கணக்கிட்டார்கள்: ஆவணமற்றவர்களில் லட்சத்துக்கு 3.1, அமெரிக்காவில் பிறந்தவர்களில் 4.9.

மறுப்பும் வந்தது. குடியேற்றத்தைக் குறைக்கச் சொல்லும் அமைப்புகள், எல்லைக் காவலர் கையில் ஒருமுறைகூடச் சிக்காதவரின் கைரேகை மத்திய அரசிடம் இருக்காது, அவர் சிறைக்குப் போன பிறகுதான் ஆவணமற்றவர் என்று தெரியவருகிறது, ஆகவே ஆரம்ப எண்ணிக்கை குறைவு என்றன. நியாயமான கேள்வி. லைட் குழு ஆவணமற்றவர் யார் என்பதை வேறு விதமாக வகைப்படுத்தியும், அவர்களின் மக்கள்தொகை மதிப்பீட்டை மாற்றியும், கைதுக்குப் பதில் தண்டனையை எடுத்தும் பார்த்தது. முடிவு புரளவில்லை. குடியேறிகள் போலீஸுக்குப் பயந்து புகார் கொடுக்கமாட்டார்கள், அதனால் எண்ணிக்கை குறைவாகத் தெரிகிறது என்றும் சொல்வார்கள். திருட்டுக்கு அது பொருந்தலாம். கொலையை அவ்வளவு சுலபமாக மறைக்க முடியாது, பிணம் கிடைத்தால் போலீஸ் வந்துதான் ஆகவேண்டும்.

உங்கள் மகனிடம் இன்னொரு எண்ணும் வந்திருக்கும்: மத்திய அரசு செய்த கைதுகளில் 64 சதவீதம் வெளிநாட்டவர். பொய்யில்லை, 2018-ஆம் ஆண்டுக்கு அமெரிக்க அரசின் நீதித்துறையே கொடுத்த கணக்கு. ஆனால் எல்லை தாண்டுவது மத்திய அரசின் வழக்கு. கொலை, கொள்ளை, திருட்டெல்லாம் பெரும்பாலும் மாநில வழக்கு. எல்லை தாண்டியதற்காகப் பிடித்தவர்களை எண்ணிவிட்டு, பார்த்தீர்களா எல்லாரும் வெளிநாட்டவர் என்றால், வேறு யார் இருப்பார்கள்?

வருடங்களையும் பாருங்கள். 2020-ல் அமெரிக்காவில் கொலைகள் ஏறத்தாழ 30 சதவீதம் கூடின. அது கொரோனாவால் எல்லை ஏறக்குறைய அடைபட்டிருந்த வருடம். 2023-ல் மெக்சிகோ எல்லையில் வந்து குவிந்தவர்கள் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது; அந்த வருடம் கொலைகள் 10 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன, அடுத்த வருடமும் குறைந்தன. குடியேறிகள் வந்ததால்தான் குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன், அது இன்னொரு பூச்சாண்டி. அமெரிக்கக் கணக்கை வைத்து உலகம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதவும் முடியாது. ஜெர்மனியில் போலீஸ் சந்தேகிப்பவர்களில் வெளிநாட்டவர் பங்கு அவர்களுடைய மக்கள்தொகைப் பங்கைவிட அதிகம்தான்.

முறையாகப் போனவன் என் மகன் என்கிறீர்கள். ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஹைட்டி நாட்டவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க அரசே கொடுத்த அனுமதியில் முறையாகத் தங்கி வேலை பார்த்தவர்கள்தான். 2024 செப்டம்பர் 10 விவாதத்தில், அவர்கள் ஊராரின் நாய்களைத் தின்கிறார்கள் என்றார் டிரம்ப். நகர நிர்வாகம் அப்படி நம்பத்தக்க புகார் எதுவும் இல்லை என்றது. அடுத்த சில நாட்களில் அந்த ஊருக்கு முப்பதுக்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள், பள்ளிக்கூடங்கள் மூடல். எல்லாமே புரளி என்று சொன்னவர் டிரம்ப் கட்சியின் ஆளுநர் மைக் டிவைன். அவர்கள் சட்டப்படி இருப்பவர்கள் ஆயிற்றே என்று, டிரம்ப்போடு துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஜே.டி. வான்ஸிடம் கேட்டபோது, அந்த அனுமதியே செல்லாது, நான் அவர்களைச் சட்டவிரோதிகள் என்றுதான் சொல்லுவேன் என்றார். உங்கள் மகனின் விசாவும் காகிதத்தில் இருக்கும் அனுமதிதான். அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக அந்தத் தாய். 2024 பிப்ரவரியில் ஜார்ஜியாவில் ஒரு நர்சிங் மாணவியைக் கொன்றவன் 2022-ல் எல்லை தாண்டிப் பிடிபட்டு விடுவிக்கப்பட்டவன். பிறகு கடைத் திருட்டு வழக்கிலும் சிக்கியவன். ஏன் வெளியே விட்டீர்கள் என்று கேட்க அந்தக் குடும்பத்துக்கு முழு உரிமை உண்டு. அதற்கு அதிகாரிகள் கோப்பைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். டெக்சாஸ் புள்ளிவிவரம் அதற்குப் பதில் ஆகாது, நான் அப்படி நீட்டவும் மாட்டேன். அவர்கள் கேட்டது ஒருவனைப் பற்றி. மேடையில் சொல்லப்பட்டது ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி. 2025 ஜனவரியில் அந்த மாணவியின் பெயரிலேயே சட்டம் வந்தது. ஆவணமற்ற ஒருவர் கடைத் திருட்டுப் புகாரில் கைதானாலே போதும், தண்டனை வரும்வரை காத்திராமல் அடைத்துவைக்க அது வழி செய்கிறது. கொலைகாரர்களைத்தான் முதலில் பிடிப்போம் என்ற டிரம்ப் அரசின் தடுப்பு மையங்களில் அந்த ஆண்டின் இறுதியில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பத்தில் ஏழு பேருக்கு எந்தக் குற்றத் தண்டனையும் கிடையாது. இதுவும் ஐஸ் கொடுத்த கணக்குதான்.