டீக்கடையில் பாதி, கூட்டத்தில் மீதி: வாசகர் கேள்வி பதில்

வேலை இடத்தில் நம்முடைய யோசனையை எப்படிச் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன், அது போதவில்லை என்று கடிதங்கள் வந்துவிட்டன. நியாயம்தான். இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

கேள்வி: கப்பலூரில் ரப்பர் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். ரப்பரை அழுத்தி வேகவைக்கிற ஒரு பிரஸ்ஸில் ஒரு நாளைக்கு மூன்று முறை மோல்டு (அச்சு) மாற்றுவார்கள். ஆறிப்போன மோல்டை ஏற்றுவதால் சூடேறவே 40 நிமிடம் ஆகிறது, அவசரப்பட்டு ஓட்டினால் முதலில் வருகிற பீஸ்கள் சரியாக வேகாமல் ரிஜெக்ட் ஆகின்றன. அடுத்த மோல்டைத் தனியாக ஒரு ஹாட் பிளேட்டில் முன்கூட்டியே சூடாக்கி வைக்கலாம் என்று 18 ஸ்லைடு தயார் செய்து கொண்டுபோனேன். மூன்றாவது ஸ்லைடிலேயே முதலாளி, "செலவு எவ்வளவும்மா?" என்றார். சீனியர் சூப்பர்வைசர், "இதெல்லாம் நாங்க எப்பவோ பார்த்தாச்சு" என்றார். அதோடு போச்சு. நான் எங்கே தவறினேன்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருமங்கலம்

பதில்: யோசனையில் தவறே இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்ன வரிசைதான் தலைகீழ். முதல் மூன்று ஸ்லைடில் என்ன வைத்திருப்பீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது: ரப்பர் எப்படி வேகிறது, வெப்பநிலை என்றால் என்ன, நேரம் என்றால் என்ன. இருபது வருடமாக அந்த பிரஸ் பக்கத்திலேயே நிற்கிறவருக்கு இதைப் போய் விளக்கினால் அவர் செலவைத்தான் கேட்பார், வேறு என்ன கேட்பார்?

உங்கள் கடிதத்தில் இருக்கிற கணக்கையே போட்டுப் பாருங்கள். நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு 40 நிமிடம், ஆக இரண்டு மணி நேரம். மாதம் 25 வேலை நாள் என்றால் 50 மணி நேரம். உள்ளே போனதும் உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்: "சார், நம்ம பிரஸ் ஒண்ணு மாசத்துக்கு 50 மணி நேரம் சூடேறுறதுக்காகவே சும்மா நிக்குது. அதைக் குறைக்க ஒரு வழி இருக்கு. ஒரே ஒரு பிரஸ்ல ரெண்டு வாரம் செஞ்சு பார்க்க அனுமதி வேணும்." அவ்வளவுதான். என்ன நஷ்டம், என்ன கேட்கிறீர்கள், எவ்வளவு சின்ன அளவில் கேட்கிறீர்கள், மூன்றும் அதில் வந்துவிடுகிறது. அந்த 18 ஸ்லைடும் பையில் இருக்கட்டும், கேட்டால் எடுக்கலாம்.

இன்னொன்று, ஸ்லைடுக்குப் பதிலாக ஒரு ட்ரே. ஒரு நாள் முழுக்க மோல்டு மாற்றியதும் வந்த ரிஜெக்ட் பீஸ்களை அதில் சேர்த்துக்கொண்டு போய் மேஜையில் வையுங்கள். சரியாக வேகாத பீஸை நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும், நல்ல பீஸ் சட்டென்று பழையபடி எழுந்துகொள்ளும். முதலாளி தன் கையால் ஒன்றை அழுத்திப் பார்க்கட்டும். எந்த விளக்கப்படமும் அந்தப் பள்ளம் சொல்வதைச் சொல்லாது.

இப்போது சூப்பர்வைசர் விஷயம். இதைத்தான் நீங்கள் கூட்டத்துக்கு முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும். "பார்த்தாச்சு" என்று அவர் சொன்னால் அதற்குள் ஏதோ ஒரு அனுபவம் இருக்கிறது. சூடான மோல்டு என்றால் அதை ஹாட் பிளேட்டிலிருந்து பிரஸ்ஸுக்கு யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கனம், அதுவும் கொதிக்கிற கனம். முன்பு ஒருமுறை யாருக்காவது கை சுட்டிருக்கலாம், அந்தப் பழி அவர் தலையில் விழுந்திருக்கலாம். உங்கள் ஸ்லைடில் தள்ளுவண்டி, கையுறை, ஹாய்ஸ்ட் (கனம் தூக்கும் கருவி) பற்றி ஒரு வரி இருந்ததா? கடிதத்தில் இல்லை, அதனால் ஸ்லைடிலும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். டீ நேரத்தில் அவரிடம் போய், "அண்ணே, நீங்க பார்த்தப்ப எங்கண்ணே சிக்கல் வந்துச்சு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் உட்காருங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், அவர் கண்ணெதிரிலேயே.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. இளவயதில் மதுரைப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருந்தேன். ஸ்பின்னிங் பகுதியில் காற்றில் ஈரப்பதம் குறைந்தால் நூல் அதிகமாக அறும், மில்லில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஈரப்பதக் கருவியின் தெளிப்பு முனைகளை மாதம் ஒரு முறை சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள், வாரம் ஒரு முறை செய்தால் அறுவது குறையும் என்று கணக்கோடு போனேன். பராமரிப்புப் பிரிவின் தலைமை ஃபிட்டர் எதிர்த்தார். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என்னிடம் எண் இருந்தது, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவரை வாயடைத்துவிட்டேன். மேனேஜர் சம்மதித்தார். ஆறு மாதம் ஆனது, ஒரு முனையைக்கூட யாரும் கழற்றவில்லை. அப்புறம் ஒருநாள் கேட் எதிரே டீக்கடையில் அவரே சொன்னார்: "தம்பி, மெஷினு நிக்கிறது ஞாயித்துக்கிழமைதான். என் பசங்க ரெண்டு பேரு வாராவாரம் லீவை விட்டுட்டு வரணும். ஓ.டி. உண்டான்னு நீ ஒரு வார்த்தை கேட்டியா?" நான் கேட்கவே இல்லை. அந்த இரண்டு பேருக்கு மாற்று விடுப்பு என்று ஒரு வரி சேர்த்ததும் அடுத்த மாதமே வேலை தொடங்கியது. அந்த மனிதரைச் சபையில் தலைகுனிய வைத்தது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

கடைசியாக ஒரு விஷயம், மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லாத விஷயம். பாண்டியன் சபையில் கண்ணகி நின்ற காட்சியை நினைத்துப் பாருங்கள். வந்தவுடன் அவள் சிலம்பை உடைக்கவில்லை. என் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்று சொல்கிறாள். அரசன் அதை நல்ல பேச்சு என்று ஏற்றுக்கொண்டு, எங்களுடையதில் முத்து என்று தன் வாயாலேயே சொல்கிறான். சிலம்பைக் கொண்டுவரச் சொல்லி அவள் முன் வைப்பதும் அவன்தான். எதைப் பார்த்தால் உண்மை தெரியும் என்பதில் இருவரும் ஒத்துப்போன பிறகுதான் அவள் உடைக்கிறாள், அதனால்தான் தெறித்த மாணிக்கத்தைப் பார்த்த பிறகு அவனால் இன்னொரு வார்த்தை பேச முடியவில்லை. நீங்களும் சோதனையைத் தொடங்குவதற்கு முன் முதலாளியிடமும் சூப்பர்வைசரிடமும் கேட்டுவிடுங்கள்: "எத்தனை நிமிஷம் குறைஞ்சா, எத்தனை ரிஜெக்ட் குறைஞ்சா இது சரின்னு ஒத்துக்குவீங்க?" அவர்கள் சொல்கிற எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்த பிறகு கேட்டால் ஆளுக்கொரு அளவுகோல் எடுப்பார்கள்.

கேள்வி: கல்லூரி நாளில் பட்டிமன்றத்தில் பேசி நிறையப் பரிசு வாங்கியவன். இப்போது சொட்டுநீர்ப் பாசனக் கருவி விற்கும் நிறுவனத்தில் இருக்கிறேன். கூட்டங்களில் நான் பேசினால் எல்லோரும் ரசிக்கிறார்கள், ஆனால் ஒன்றும் நடப்பதில்லை. ஏன்?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: ரசிக்கிறார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அங்கேதான் கோளாறு. பட்டிமன்றம் நம் ஊரின் பெருமை, அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்த சாலமன் பாப்பையா அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது மதுரையே மகிழ்ந்தது. ஆனால் அந்த மேடையில் பேசுபவருக்கு ஒரு வசதி உண்டு: எந்த அணி ஜெயித்தாலும் கேட்டவர்கள் மறுநாள் தங்கள் பணத்தைப் போட வேண்டியதில்லை. உங்கள் கூட்டத்தில் நடுவராக இருப்பவரே பணம் போடுகிறவர், எதிரணியில் இருப்பவரோ நாளைக்கு உங்களோடு ஒரே வண்டியில் செக்கானூரணிக்கு வர வேண்டியவர். கைதட்டலை வைத்து அவர்கள் முடிவெடுக்க மாட்டார்கள்.

அதனால் அந்த மேடையிலிருந்து பேச்சாளரை விட்டுவிட்டு நடுவரை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல நடுவர் தீர்ப்புக்கு முன் இரண்டு அணியும் சொன்னதை, சொன்னவர்களைவிட அழகாகத் தொகுத்துச் சொல்வார். அதைச் செய்து பாருங்கள். "நீங்க சொல்றது என்னன்னா, விவசாயி மானியம் வர்ற வரைக்கும் முன்பணம் கட்டத் தயங்குறாரு, அதனால புது மாடலை இப்ப இறக்கினா தேங்கிடும், சரியா?" என்று எதிர்க்கிறவரின் கட்சியை அவரே தலையாட்டும் அளவுக்குச் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் கட்சிக்கு வாருங்கள். அடுக்குமொழியைக் குறையுங்கள். உவமை ஒன்று போதும், அதுவும் தேவைப்பட்டால்.

கேள்வி: நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், வயது 29. மேலதிகாரி சொல்வது தவறு என்று தெரிந்தும் சொன்னால், "எதிர்த்துப் பேசுற பொண்ணு" என்று பெயர் வருகிறது. அதே கருத்தை பக்கத்து சீட் ஆண் சொன்னால் "நல்ல பாயின்ட்" என்கிறார்கள்.
– வாசகி, மதுரை, கே.கே. நகர்

பதில்: இது உங்கள் பேச்சில் இருக்கிற குறை இல்லை, அதை எந்த ஒளிவுமறைவும் இல்லாமல் சொல்கிறேன். அந்த அலுவலகத்தின் காதில் இருக்கிற குறை. பேச்சை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களிடம் சொல்வது அநியாயம். ஆனாலும் நாளைக்கும் அங்கேதான் வேலை செய்ய வேண்டும், அதனால் சில வழிகள்.

நூல் எழுதுகிறவர் மாற்றுக் கருத்தை எப்படிக் கையாளலாம் என்று நன்னூலில் ஏழு மதங்களை, அதாவது ஏழு கொள்கைகளைச் சொல்லியிருக்கிறது. உடன்படல் ஒன்று, மறுத்தல் ஒன்று. நாம் பெரும்பாலும் இந்த இரண்டோடு நின்றுவிடுகிறோம், ஆமாம் அல்லது இல்லை. மூன்றாவதாக வருவது பிறர் மதம் மேற்கொண்டு களைவு: அவர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, அதன் வழியிலேயே கொஞ்ச தூரம் போய், அது எங்கே இடிக்கிறது என்று காட்டிவிட்டுக் களைவது. மேலதிகாரியிடம் இது நன்றாக வேலை செய்யும். "சார், நீங்க சொல்ற மாதிரியே இந்த பில்லை மார்ச் கணக்குல வச்சுப் பார்த்தேன். வச்சா ஏப்ரல்ல சரக்கு வந்த ரசீதோட ஒத்துவரல. ஆடிட்டர் கேட்டா என்ன சொல்லலாம் சார்?" இதில் நீங்கள் பின்வாங்கவே இல்லை, கவனியுங்கள். தவறு தவறு என்றே இருக்கிறது, ஆனால் அதை அவர் தன் கண்ணால் பார்க்கிறார், சபையில் யாரும் அவரைக் குத்தவில்லை. தனியாகச் சொல்ல முடிந்தால் தனியாகவே சொல்லுங்கள்.

அப்புறம், கூட்டம் முடிந்த அரை மணி நேரத்தில் "இன்று நான் முன்வைத்தது இது, முடிவானது இது" என்று மூன்று வரி மெயில் அனுப்புவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். யாருடைய யோசனை என்பது அதில் தேதியோடு நிற்கும். அந்தப் பக்கத்து சீட்காரர் நல்லவர் என்றால் வெளிப்படையாகவே கேளுங்கள், "நான் சொன்னதை நீங்க திருப்பிச் சொல்றப்ப என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க" என்று. நிறையப் பேர் வேண்டுமென்று செய்வதில்லை, சொன்னால் திருத்திக்கொள்வார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் எந்த வாதத்தையும் தொடங்காதீர்கள். எழுத்தில் குரல் கேட்காது, பணிவாக எழுதியதும் கோபமாகத்தான் படிக்கப்படும்.

கேள்வி: பேச எழுந்தால் கை நடுங்குகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், மேலூர்

பதில்: முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், மற்றதை வேண்டாம். காலையில் நடக்கிற பழக்கம் இருந்தால் நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறவர்களில் பாதிப் பேர் போனில் சத்தமாகத்தான் பேசுகிறார்கள், உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கூட்ட அறைக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய் உட்காருங்கள். கையில் தாள் வேண்டாம், நடுக்கம் தாளில்தான் தெரியும்.

கேள்வி: இலந்தைகுளத்தில் ஐ.டி. வேலை. தமிழ் வழியில் படித்தவன். புதன்கிழமை தோறும் கிளையன்ட் அழைப்பு ஆங்கிலத்தில். என் மனதில் வாக்கியம் உருவாகி முடிப்பதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. எனக்குத் தெரிந்ததை இன்னொருவர் சொல்லிப் பாராட்டு வாங்குகிறார்.
– வாசகர், அலங்காநல்லூர்

பதில்: உங்களிடம் இல்லாதது வேகம் மட்டும்தான், விஷயம் இருக்கிறது. வேகம் தேவைப்படாத இடத்துக்கு விஷயத்தை நகர்த்துங்கள். அழைப்புக்கு இரண்டு நாள் முன்பே அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள்: சிக்கல் இது, நான் பார்த்த இரண்டு வழிகள் இவை, இதில் இரண்டாவது நல்லது, காரணம் இது. எழுதுவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளலாம், நண்பரிடம் காட்டித் திருத்தலாம். பிறகு அழைப்பை நடத்துகிறவரிடம், உங்கள் பகுதியை முதலிலேயே எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். முதலில் பேசுகிறவருக்கு யாரையும் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை, மற்றவர்கள்தான் உங்கள் பேச்சுக்குப் பதில் தேடுவார்கள்.

நடுவில் யாராவது கேள்வி கேட்டால் உடனே பதில் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. "ஒரு நிமிஷம் கொடுங்கள், சரிபார்த்துச் சொல்கிறேன்" என்பதை ஆங்கிலத்தில் சரளமாக வரும் வரை பழகிக்கொள்ளுங்கள், அந்த ஒரு வாக்கியம் உங்களுக்கு நிறைய நேரம் வாங்கித் தரும். சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், எண்களைச் சொல்லுங்கள், எண்ணுக்கு உச்சரிப்பு பார்க்கமாட்டார்கள். உள்ளூர் குழு மட்டும் பேசும்போது தமிழிலேயே வாதாடுங்கள், அங்கே தயங்கத் தேவையில்லை. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அடுத்த புதன் நெருங்கியிருக்கும். திங்கள் இரவு அந்த அரைப் பக்கத்தை அனுப்பிவிடுங்கள், என்ன ஆனது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.